சாம்பியன் கிளப் திவால், இன்னொரு கிளப்புக்கு 7 கிண்ணம்: பெண்கள் எறிபந்தில் என்ன நடக்கிறது?

பெண்டாங்கில் பள்ளிக்குப் போனவரா நீங்கள்? அப்படின்னா 'போலா பாலிங்' உங்களுக்குப் புதுசு இல்லை. தமிழில் எறிபந்து. அணிக்கு 7 பேர், 40க்கு 20 மீட்டர் திடல், 30 நிமிடமாக இரண்டு பாதி. மாவட்டம், மாநிலம், எம்.எஸ்.எஸ்.எம். என்று பள்ளி வரைக்கும் வழி தெளிவாக இருக்கிறது.

ஐந்தாம் படிவம் முடிந்த பிறகு? அங்கேதான் கிளப் தேவைப்படுகிறது. ஒரு பெண்கள் கிளப் எப்படி நிலைக்கிறது, எப்படிச் சரிகிறது என்பதற்கு ஐரோப்பாவில் இரண்டு உதாரணங்கள் உண்டு.

நிலைத்த கிளப் எது?

ஹங்கேரியின் கியோர் நகரத்தின் கியோரி எட்டோ. 1948-ல் தொடங்கியது. 1957, 1959-ல் தேசிய வெற்றியாளர். அடுத்த தேசியப் பட்டம் எப்போது தெரியுமா? 2005-ல். நடுவில் 46 வருடம்!

ஐரோப்பாவிலும் எடுத்த எடுப்பில் ஜெயிக்கவில்லை. சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் 2009-ல் தோல்வி, 2012-லும் தோல்வி. 2013-ல்தான் முதல் கிண்ணம். பிறகு 2014, தொடர்ந்து 2017, 2018, 2019, மறுபடி 2024. 2025 இறுதியில் டென்மார்க்கின் ஓடென்சேவை 29-27 என வென்றபோது அது ஏழாவது. இதைவிட அதிகம் வென்ற கிளப்புகளில் 8 பட்டங்கள் பெற்ற ஆஸ்திரியாவின் ஹைப்போவும் ஒன்று.

இந்தக் கிளப்பின் முகம் அனிதா கோர்பிட்ஸ். பதின்ம வயதில் சேர்ந்தவர், 2021-ல் ஓய்வு பெறும் வரை வேறு கிளப்புக்கே போகவில்லை. 2005-ல் உலகின் சிறந்த வீராங்கனை. ஓய்வுக்குப் பிறகு கிளப்பின் தலைவரும் ஆனார்.

பணம் எங்கிருந்து வருகிறது?

கியோரில் ஆடி கார் நிறுவனத்துக்குப் பெரிய தொழிற்சாலை இருக்கிறது. கிளப்பின் பெயரிலும் அரங்கத்தின் பெயரிலும் 'ஆடி' உண்டு. அதோடு, 2011 முதல் ஹங்கேரியில் நிறுவனங்கள் தங்கள் வரியில் ஒரு பகுதியை எறிபந்து உள்ளிட்ட சில குழு விளையாட்டுகளுக்குத் திருப்பிவிடலாம். ஆக, தொழிற்சாலை, அரசுக் கொள்கை, ஊர் மக்கள் என்று மூன்று தூண்கள்.

சரிந்தது யார்?

நார்வேயின் வைப்பர்ஸ் கிறிஸ்டியான்சாண்ட். 2021, 2022, 2023 என்று தொடர்ந்து மூன்று முறை சாம்பியன்ஸ் லீக் பட்டம். 2022 இறுதியில் தோற்கடித்தது இதே கியோரி எட்டோவைத்தான். ஆனால் 2025 ஜனவரியில், சீசன் பாதியிலேயே, பணநெருக்கடியால் திவாலானது. உலகத்தர ஆட்டக்காரர்கள் ஒரே நாளில் வேலை இல்லாமல் நின்றார்கள்.

கிண்ணம் இருந்தால் சம்பளம் தானாக வந்துவிடாது. பெண்கள் ஆட்டத்துக்கு டிக்கெட், ஒளிபரப்பு வருமானம் பல இடங்களில் குறைவு. ஆதரவாளரின் பணத்தை நம்பிச் செலவை ஏற்றினால், அந்தப் பணம் குறையும் அன்றைக்கே கிளப் ஆட்டம் கண்டுவிடும்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

கெடாவில் யாரும் சாம்பியன்ஸ் லீக் கேட்கவில்லை. ஆனால் பள்ளி அணியில் ஆடிய தோழிகள் சேர்ந்து ஒரு கிளப் தொடங்க நினைத்தால், மூன்று கேள்வியை முதலிலேயே கேளுங்கள். பணம் ஒரே ஆளிடமிருந்து வருகிறதா? பயிற்சிக்கு நிரந்தர இடம் இருக்கிறதா? நமக்குப் பிறகு ஆட 14, 15 வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்களா? கிண்ணம் மெதுவாக வரட்டும். கியோரே 46 வருடம் காத்திருந்ததுதானே.