தணலுக்குக் காத்திருப்போர்

வெடியைக் காண ஓடிவரும் கூட்டம் தணலைக் காண நிற்பதில்லை. வானியலிலும் நிலை இதுவே. 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் ஒரு பெருவிண்மீன் மடிந்த காமாக்கதிர் வெடிப்பு, 2003 மார்ச்சு 29 அன்று புவியை எட்டியது. அவ்வீச்சு அரை மணித்துளிகூட நீடிக்கவில்லை. ஆனால் ஆய்வாளர்க்கு வேண்டிய விடை அது அணைந்த பின்னரே வரத் தொடங்கிற்று.

ஒளியின் விரைவை ஒட்டிப் பாய்ந்த தாரை, சூழ்ந்திருந்த வளியில் மோதித் தளர்கிறது. மோதலில் முடுக்குண்ட எதிர்மின்னிகள் காந்தப்புலத்தில் சுழன்று கதிர்விடுகின்றன. ஊடுகதிரிலும் கட்புல ஒளியிலும் அப் பின்னொளி விரைந்து மங்கும். வானலையிலோ நெடுநாள் நிற்கும். அதிலும் நெட்டலைகள் தொடக்கத்தில் வெளிவாரா. வெடிப்பு விரிந்து தெளிந்த பின்னரே தலைகாட்டும். தாரை தளர்ந்து எல்லாப் புறமும் பரவும் அம் முதுமை நிலையில்தான் வெடிப்பின் மொத்த ஆற்றலை ஓரளவு நம்பத்தக்கவாறு எடைபோட இயலும். முதல் கிழமையோடு கருவியைத் திருப்பிக்கொண்டவன் பாதிக் கணக்கோடு வீடு திரும்பியவனே.

ஆலந்து நாட்டு வெசுட்டர்போர்க்குத் தொலைநோக்கியும், புனேக்கு வடக்கே 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களாய் நிற்கும் தொலைநோக்கியும் அத் தணலை 1128 நாள் வரை தொடர்ந்தன. புனேக் கருவியை எழுப்பிய கோவிந்து சுவரூப்பின் குழுவினர் கைபழகியது நம் உதகையில். முத்தோரைச் சரிவின் சாய்வு 11 பாகை. அவ்விடத்தின் நிலநேர்க்கோடும் 11 பாகை. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட தொலைநோக்கி 1970இல் அங்கே அமைந்தது. மலையே கருவியின் பாதி வேலையைச் செய்துவிட்டது!

இத்தகைய கருவிக்கு உயிர் அமைதி. காட்டுப்பள்ளித் துறைமுகக் கரையில் அதை நிறுத்திப் பாருங்கள்: கப்பல்களின் அலைவீச்சும் கைப்பேசிக் கோபுரங்களும் ஒரே நாளில் அதைச் செவிடாக்கிவிடும். துறைமுகத்துக்கு அவ்விரைச்சல் தொழில். அது முத்தோரைக்கும் ஏறிவிடக் கூடாது என்பதே வழக்கு. 322 முதல் 328.6 மெகா எர்ட்சு வரையுள்ள அலையடுக்கில் வானியலுக்கு உலக உடன்பாட்டில் இடமுண்டு. தாளில் உள்ள உரிமை போதுமா? மேலிருந்து பேசும் செயற்கைக்கோளை எந்த மலை மறைக்கும்? புதுக் கோபுரத்துக்கும் புதுச் செயற்கைக்கோளுக்கும் இசைவு தருமுன் வானியலாரைக் கேட்டு, அவர் மறுத்தால் நிறுத்தும் துணிவு அரசுக்கு வேண்டும். ஆயிரமாம் நாளின் பின்னொளியை மூழ்கடிக்க ஒரு கைப்பேசியின் கசிவே மிகுதி.