கொள்ளைப் படங்களும் முழுப் பூசணிக்காயும்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாமா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். மறைக்கலாம் என்று நாள்தோறும் செய்து காட்டுகிறவர்கள் யார் தெரியுமா? கொள்ளைக் கதைகளைத் திரைப்படமாக்கும் இயக்குநர்களே! ஒரு கூட்டம் திட்டமிட்டு வங்கியைக் கொள்ளையடிக்கும். நாம் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்போம். நாம் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று என்று முடிவில் தெரியவரும். படம் முடிந்து சாப்பிட உட்காரும்போதுதான், "அந்தச் சாவி அவனுக்கு எப்படிக் கிடைத்தது? காவலாளி எங்கே போனார்?" என்ற ஐயங்கள் ஒவ்வொன்றாக எழும்.

பார்ப்பவரைத் திசை திருப்புவதே குற்றம் என்று நாங்கள் சொல்லவில்லை. விடையை முன்பே சொல்லிவிட்டால் விடுகதையில் சுவை ஏது? ஆனால் மறைப்பது வேறு, ஏமாற்றுவது வேறு. இந்த வேறுபாட்டை அளக்கும் கோல் நம் உத்திரமேரூரிலேயே இருக்கிறது. வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு (கி.பி. 921) குடவோலை முறையை விவரிக்கிறது. ஓலைகள் இட்ட குடத்தை அனைவரும் காணும்படி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பதை அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். எவர் பெயர் வரும் என்பது கடைசிவரை எவருக்கும் தெரியாது. ஆயினும் கைக்குள் வேறோர் ஓலை ஒளிந்திருக்க வழியே இல்லை. நல்ல மர்மக் கதையும் அவ்வாறே அமைய வேண்டும் என்பது எங்கள் கருத்து.

1954-இல் எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' அப்படிப்பட்ட படம். அதில் பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. தொடக்கத்திலேயே கதாநாயகன் சுடப்பட்டு இறக்கிறான். ஒவ்வொருவரும் தாம் அறிந்ததைச் சொல்லச் சொல்ல, நம் சந்தேகம் ஆளுக்கு ஆள் தாவுகிறது. சுட்டது மனைவிதான் என்று அறியும்போது திடுக்கிடுகிறோம். எனினும் அவள் முதலிலிருந்தே நம் கண்முன்தான் இருந்தாள். அங்கே கை விரிந்திருக்கிறது.

2011-இல் வந்த 'மங்காத்தா'வைப் பாருங்கள். கொள்ளைக் கூட்டத்தில் ஒருவரும் அவர்களைத் துரத்தும் காவல் அதிகாரியும் எதிரிகளாகவே காட்டப்படுகிறார்கள். கடைசியில், இருவரும் நண்பர்கள், சேர்ந்தே திட்டமிட்டவர்கள் என்கிறார்கள். அரங்கமே கைதட்டியது. அப்படியானால், வேறு எவரும் பார்க்காத இடத்தில் அவர்கள் எதிரிகளாக நடந்துகொண்டிருந்தால், அது யாருக்காக? நமக்காகத்தானே! கதையில் ஓட்டை விழும் இடம் இதுவே.

இத்தகைய ஓட்டைகளைக் கண்டுபிடித்துச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இவற்றைவிடப் பெரிய பூசணிக்காய் ஒன்று உண்டு. "பிடிபடுவார்களா, தப்புவார்களா?" என்று நம்மைப் பதைக்க வைத்து, "இந்தப் பணம் யாருடையது?" என்ற கேள்வியையே மறக்கச் செய்கிறார்களே, அதுதான் அது! 'மங்காத்தா'வில் கொள்ளை போவது சூதாட்டப் பணம். பறிகொடுத்தவருக்காக எவரும் கண்ணீர் விடமாட்டார் என்று தெரிந்தே அப்படி எழுதியிருக்கிறார்கள்.

உண்மைக் கொள்ளை அப்படியன்று. 2007 டிசம்பர் இறுதியில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் சேலேம்பிராவில் ஒரு கூட்டம், உணவகம் நடத்தப் போவதாகச் சொல்லி வங்கியின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்தது. வங்கியின் தரையைத் துளைத்து மேலேறி, சுமார் 80 கிலோ தங்கத்தையும் பணத்தையும் எடுத்துச் சென்றது. 'தூம்' என்ற இந்திப் படத்தைப் பார்த்தே அந்த எண்ணம் தோன்றியதாம். மறு ஆண்டே பிடிபட்டனர். நகைகளில் பெரும்பகுதி மீண்டது. ஆனால் அது கிராம மக்களின் வங்கி. அந்தத் தங்கம் அவர்கள் அடகு வைத்த நகைகள்.

அடகு நகை என்றால் என்னவென்று நம் ஊர்ப்பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா? நாற்று நடும் முன்பும், பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலும் அம்மாவின் வளையல் வங்கிக்குப் போகும்; அறுவடை முடிந்தால் திரும்பி வரும். அந்த வளையல் வைத்த பெட்டகத்தைத் திரையில் ஒருவன் உடைக்கும்போது நாம் கைதட்டலாமா?

"படம் படம்தானே, இதற்குப் போய் இவ்வளவா?" என்று சிலர் கேட்கலாம். பொழுதுபோக்கு வேண்டாம் என்பதல்ல எங்கள் வாதம். 2023-இல் வந்த 'துணிவு' படத்திலும் வங்கிக் கொள்ளைதான் கதை. ஆயினும் வங்கியை நம்பிப் பணம் போட்டு ஏமாந்த மக்களையும் அது கதைக்குள் கொண்டு வந்தது. பணத்தின் சொந்தக்காரரைக் காட்டினால் விறுவிறுப்பு குறையும் என்பது வெறும் சாக்கு என்று இதிலிருந்தே தெரியவில்லையா?

ஆகவே அன்புத் தோழியரே, அடுத்த விடுமுறையில் தொலைக்காட்சியில் இத்தகைய படம் ஓடினால் தாராளமாகப் பாருங்கள். அருகில் அமர்ந்திருக்கும் தம்பி தங்கையரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முடிவுக்கான தடயம் முன்பே காட்டப்பட்டதா? யாரும் இல்லாத இடத்தில் எவரேனும் நமக்காக நடித்தாரா? எடுக்கப்பட்ட பணத்துக்கு உரியவர் யார்? மூன்றாவது கேள்விக்கு விடை சொல்லாத படத்தை எவ்வளவு பேர் பாராட்டினாலும், நல்ல படம் என்று நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம்.