பேருந்து ஓர் ஊரில், பெருமை வேறூரில்!

பாங்காக் நகர வீதிகளிலே மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன. டீசல் புகை குறைகிறது. சாலையோரத்து ஏழைக்கு அந்த அளவுக்கு நல்ல காற்று கிடைக்கிறது. நல்ல காரியம்; மறுப்பாரில்லை. ஆனால், குறைந்த அந்தப் புகையின் பெருமை எந்த நாட்டுப் பேரேட்டில் ஏறிற்று? தாய்லாந்தின் ஏட்டிலன்று, ஆல்ப்ஸ் மலைநாடாம் சுவிட்சர்லாந்தின் ஏட்டில்!

2015-இல் உருவான பாரிஸ் உடன்படிக்கையின் ஆறாவது பிரிவு இதற்கு இடமளிக்கிறது. ஒரு நாடு குறைத்த கரியமில வாயுவை மற்றொரு நாடு விலைக்கு வாங்கித் தன் கணக்கில் வரவு வைக்கலாம். 2021-இல் கிளாஸ்கோ மாநாடு விதிகளை வகுத்தது. 2022-இல் இவ்விரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. 1,916 டன் கைமாறிய செய்தி 2024 ஜனவரியில் வெளியாயிற்று. இவ்வகையில் உலகின் முதல் கைமாற்றம் அதுவே.

பணம் எங்கிருந்து வந்தது? 2030-க்குள் கரியை 1990-ஆம் ஆண்டு அளவில் பாதியாக்குவதாக உறுதி கூறிய நாடு சுவிட்சர்லாந்து. பெட்ரோல், டீசல் இறக்குமதி செய்வோர் அந்தக் கரியில் ஒரு பங்கை ஈடுகட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். அவர்களுக்காகக் கிளிக் அறக்கட்டளை வாங்குகிறது. அச்செலவுக்காக லிட்டர் ஒன்றுக்கு 5 ராப்பனுக்கு மேல் விலையேற்றக் கூடாது. அங்கே கார் நிற்கவில்லை. கணக்கு மட்டும் நேராகிறது!

“எங்கே குறைந்தால் என்ன? வானம் ஒன்றுதானே! ஏழை நாட்டுக்குப் பணமும் வருகிறதே!” என்பர். வாதம் வலுவானதே, எள்ளி நகையாடித் தள்ளத்தக்கதன்று. ஆயினும் பேரேட்டைப் புரட்டிப் பாருங்கள்.

ஒரே டன்னை இருவர் உரிமை கொண்டாடக் கூடாது என்பது விதி. ஆகவே, விற்ற நாடு அந்தப் புகை குறையவே இல்லை என்பதுபோலத் தன் கணக்கில் கூட்டிக்கொள்ள வேண்டும். நேர்மையான விதிதான். ஆனால் விளைவு? மலிவாகக் குறைக்கக்கூடியதை விற்றுவிட்ட நாடு, தன் இலக்கை எட்ட அரிய வழிகளை அதிகச் செலவில் தேட வேண்டும். விதைநெல்லை விற்றவன் விளைச்சலுக்கு வானத்தைப் பார்த்த கதையாகக் கூடாதன்றோ?

இன்னொன்று. பணம் வராவிடினும் அந்தப் பேருந்துகள் வந்திருக்குமே என்ற ஐயத்தை எழுப்பியது, சுவிட்சர்லாந்தின் அலையன்ஸ் சூட் அமைப்பே. அந்த ஐயம் மெய்யானால், பாங்காக்கில் புதிதாகக் குறைந்தது எதுவுமில்லை. சுவிஸ் கார் கக்கிய கரியோ வானத்திலேயே நிற்கிறது. ஏடு சுத்தம், வானம் அழுக்கு!

எனவே தோழர்களே! இரு நாடுகள் கைகுலுக்கும் படத்தைக் கண்டவுடன் கைதட்டவும் வேண்டாம், கல்லெறியவும் வேண்டாம். மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். இப்பணம் இல்லாவிடில் இக்காரியம் நடந்திராதா? விற்ற நாட்டுக்கு எஞ்சுவது என்ன? வாங்கிய நாடு தன் வீட்டில் குறைத்தது எவ்வளவு? மூன்றுக்கும் விடை தரும் ஒப்பந்தமே உறவு. விடை தராதது, நட்பின் பெயரால் நடக்கும் வாணிபம்!