யாருடைய கை?

ஆங்கிலத் தோல் தொழில் இதழ் ஒன்றின் இணையப் பக்கத்துக்காக ஆம்பூரில் வீட்டிலிருந்தபடியே பிரதி திருத்துகிறேன். கூலி சொல் கணக்கில். எதிர்வீட்டு அக்கா ஷூவின் மேல்பாகத்தை, எங்கள் ஊர்ப் பேச்சில் ‘அப்பர்’, கையால் தைக்கிறார். கூலி ஜோடிக் கணக்கில். அவருக்கு ஏஜென்ட் பைக்கில் மூட்டையை இறக்கிவிட்டுப் போவார். எனக்கு மெயிலில் வரும். இருவருக்கும் பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. ஒற்றுமை இவ்வளவுதான். நான் நாற்காலியில் இருக்கிறேன், என் விரலில் ஊசி ஏறுவதில்லை.

சென்ற ஆண்டு ஒரு லோஃபர் ரகம் பற்றிக் கம்பெனிக் குறிப்பு வந்தது. தோல் எப்படிப் பதனிடப்பட்டது, சோல் ரப்பரா பி.யூ.வா, லைனிங் என்ன, எல்லாம் இருந்தன. தையலுக்கு மட்டும் ‘ஹேண்ட்மேட்’ என்ற ஒற்றைச் சொல். யாருடைய கை? ‘ஆம்பூர்ப் பக்கத்துப் பெண்கள் வீடுகளில் தைத்தது’ என்று கேட்டு உறுதிசெய்து ஒரு வரி சேர்த்தேன். அந்த வரி வெட்டப்பட்டது. “இது நம் வாசகர்களுக்கான விஷயம் இல்லை” என்றார் ஆசிரியர்.

அப்படியானால் எது விஷயம்? ஒரு பொருள் எப்படி உருவாகிறது என்று தொழில்காரர்களுக்குச் சொல்லத்தானே தொழில் இதழ்? பசை காயும் நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதிவிட்டு, தைப்பவரை விட்டுவிட்டால் அது அரைகுறைச் செய்தி. பெண்ணியம் வரைக்கும் போகவே வேண்டாம், எடிட்டிங்கிலேயே தவறு.

அச்சுக் காலத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது என்பீர்கள். அப்போதும் ரசாயன, இயந்திரக் கம்பெனிகளின் விளம்பரம்தான் சோறு போட்டது. ஆனால் விளம்பரத்துக்கும் செய்திக்கும் நடுவே ஒரு கோடாவது இருந்தது. இப்போது கம்பெனி அனுப்பும் குறிப்பு அரைமணியில் ‘ஆசிரியர் குழு’ என்ற பெயரில் ஏறிவிடுகிறது. போன் போட்டுச் சரிபார்க்கும் நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை.

இதழ்களுக்கு மாறத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்று 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலாற்றுக்காக வந்த தீர்ப்பு. இன்று குரோமியமும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் தோல் இதழ்களின் அன்றாடப் பேச்சு. அதே 1996 ஜூனில்தான் சர்வதேச தொழிலாளர் அமைப்பு, வீட்டிலிருந்தபடி கூலிக்கு உற்பத்தி செய்பவர்களுக்காக 177ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. (வீட்டுவேலை செய்பவர்களுக்கு வேறு உடன்படிக்கை, இரண்டையும் குழப்புகிறவர்கள் அதிகம்.) இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. ஆற்றைப் பற்றிப் பேசவைக்க ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது. அக்காவைப் பற்றி எழுதச் சொல்லி எந்த நீதிமன்றமும் உத்தரவிடவில்லை.

இதழியல் படிக்கும் பெண்களே, நாளை இந்த வேலை உங்கள் வீட்டு மேசைக்கும் வரும். ‘ஹேண்ட்மேட்’ என்று கண்டால் திருப்பிக் கேளுங்கள்: எந்த ஊர், யார் வீட்டில், ஜோடிக்கு எவ்வளவு? போன வாரம் வந்த குறிப்புக்கு இந்த மூன்றையும் கேட்டு அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை. நானும் திருத்தி அனுப்பவில்லை. நூற்றைம்பது சொல்லுக்கான கூலி போகும், போகட்டும்.