சுவரில் எழுதிய நோட்ஸ்

அந்தமான் செல்லுலர் ஜெயிலைப் பார்க்கப் போகிறவர்கள் தூக்குமேடையைப் பார்க்கிறார்கள், செக்கைப் பார்க்கிறார்கள், மாலையில் ஒலி-ஒளிக் காட்சி பார்த்துவிட்டு ஹோட்டலுக்குத் திரும்புகிறார்கள். கொட்டடிகளின் சுவர்களை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. வெள்ளையடித்த வெறும் சுவரில் பார்க்க என்ன இருக்கிறது? ஆனால் ஒரு காலத்தில் அந்தச் சுவர்கள்தான் அங்கே நோட்டுப் புத்தகங்கள்.

1911-ல் அங்கே கொண்டுவரப்பட்ட விநாயக் தாமோதர் சாவர்க்கர் தன் சிறை நினைவுகளில் இதை விவரித்திருக்கிறார். காகிதமும் பேனாவும் கைக்கு எட்டாத காலம். ஆணியும் முள்ளும்தான் எழுதுகோல். ஓரிடத்தில் தன்னுடைய நீண்ட கவிதை, இன்னோரிடத்தில் ஹெர்பர்ட் ஸ்பென்சரின் தத்துவம், வேறோரிடத்தில் ஜான் ஸ்டூவர்ட் மில்லின் நூலில் படித்த பொருளாதார வரையறைகள் என்று சுவர் சுவராக எழுதியிருக்கிறார். அரசியல் கைதிகளை அவ்வப்போது அறை மாற்றுவார்கள். புதிதாக வருபவருக்கு அந்தச் சுவர் பாடப் புத்தகம். வெள்ளையடிக்க ஆள் வந்தால் எல்லாம் மறைந்துவிடும். அதற்குள் மனதில் ஏறியிருக்க வேண்டும்.

சாவர்க்கரின் அரசியலைப் போற்றுகிறவர்கள் உண்டு, கடுமையாக எதிர்க்கிறவர்களும் உண்டு. அந்தச் சண்டை இங்கே வேண்டாம். எனக்கு ஆர்வம் தருவது ஒரு சின்ன விஷயம். முள்ளை வைத்துச் சுவரில் எழுதுகிறவன் எதை எழுதுவான்? முழுப் புத்தகத்தையும் எழுத முடியாது. காவலர் வருவதற்குள் முடிக்க வேண்டும். இடமும் குறைவு. ஆகவே எது முக்கியம், எதை விட்டுவிடலாம் என்று முதலில் அவன் தீர்மானித்தாக வேண்டும். படிப்பு என்பதே பெரும்பாலும் அந்தத் தீர்மானம்தான்.

இப்போது அதே தீவுகளுக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி அந்தமான் நிகோபாரின் மக்கள் 3.8 லட்சம். அதில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர். கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள். நீண்ட காலம் இந்தத் தீவுகளுக்கு இன்டர்நெட் செயற்கைக்கோள் வழியாக மட்டுமே வந்தது. வந்தது என்பதைவிடச் சொட்டியது என்பதே சரி. 2020 மார்ச்சில் கொரோனாவால் நாடெங்கும் பள்ளிகள் மூடி, பாடமெல்லாம் செல்போனுக்கு மாறியபோது, ஒரு வீடியோ திறக்கக் காத்திருப்பதே இங்கே பெரும்பாடாக இருந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி, சென்னையிலிருந்து கடலுக்கடியில் போட்ட சுமார் 2,300 கிலோமீட்டர் நீள கேபிளைப் பிரதமர் மோடி தொடங்கிவைத்தார். போர்ட் பிளேரோடு ஸ்வராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கிரேட் நிகோபார் உள்ளிட்ட தீவுகளுக்கும் அதில் இணைப்பு உண்டு. (போர்ட் பிளேரின் பெயர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. மக்கள் வாயில் பழைய பெயர் இன்னும் போகவில்லை.) இதை வரவேற்காமல் இருக்க முடியாது. டெல்லியில் இருக்கும் மாணவனுக்குக் கிடைக்கும் பாடம் கமோர்ட்டாவில் இருக்கும் மாணவிக்கும் கிடைக்க வழி பிறந்தது.

ஆனால் கேபிள் வழியாக இன்னொன்றும் வந்து சேர்ந்தது: தயார் நிலையில் உள்ள நோட்ஸ். யாரோ டைப் செய்து, யாரோ பி.டி.எஃப். ஆக்கி, வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு வந்துவிடுகிறது. மாணவன் செய்ய வேண்டியது சேமித்து வைப்பது மட்டும். போனில் 400 பக்கம் இருக்கிறது என்ற நிம்மதியே படித்துவிட்ட திருப்தியைக் கொடுத்துவிடுகிறது. இல்லாத குறை தீர்ந்தது. எது வேண்டும் என்று தீர்மானிக்கிற வேலையும் கூடவே போய்விட்டது.

அப்படியானால் எல்லோரும் பேனாவுக்குத் திரும்பிவிட வேண்டியதுதானா? அப்படிச் சொல்கிறவர்கள் வழக்கமாக ஓர் ஆய்வைக் காட்டுவார்கள். பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களுக்குச் சொற்பொழிவு வீடியோக்களைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு சாரார் லேப்டாப்பில் குறிப்பெடுத்தார்கள், மற்றவர்கள் நோட்டில் எழுதினார்கள். வெறும் தகவல் கேள்விகளில் இருவரும் ஏறத்தாழ சமம். புரிந்துகொண்டு பதில் சொல்ல வேண்டிய கேள்விகளில் கையால் எழுதியவர்கள் முந்தினார்கள். காரணம், டைப் செய்தவர்கள் காதில் விழுந்ததை அப்படியே இறக்கிவிட்டார்கள். "அப்படியே எழுதாதீர்கள், உங்கள் வார்த்தையில் எழுதுங்கள்" என்று சொல்லிப் பார்த்தும் பழக்கம் விடவில்லை.

பேனா ஜெயித்துவிட்டது என்று உலகமே எழுதியது. கதை அங்கே முடியவில்லை. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹெதர் அரி தலைமையில் ஒரு குழு அதே சோதனையைத் திரும்பச் செய்து 2021-ல் வெளியிட்டது. லேப்டாப்காரர்கள் அதிகம் எழுதுகிறார்கள், அப்படியே எழுதுகிறார்கள் என்பது மீண்டும் உறுதியானது. ஆனால் தேர்வு மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. 2024-ல் நார்வேயில் 36 மாணவர்களின் மூளை அலைகளை அளந்து பார்த்து, கையால் எழுதும்போது மூளையின் பல பகுதிகள் ஒன்றோடொன்று கூடுதலாகப் பேசிக்கொள்வதாகச் சொன்னார்கள். சுவாரஸ்யமான முடிவுதான். ஆனால் அதில் டைப் செய்தது ஒரே ஒரு விரலால். யாருக்கு எவ்வளவு நினைவில் நின்றது என்று அவர்கள் சோதிக்கவும் இல்லை. இதை வைத்துக்கொண்டு கீபோர்டைத் தூக்கி எறியச் சொல்வது அவசரம்.

இத்தனை ஆய்விலும் உறுதியாக நிற்பது ஒன்றுதான். அப்படியே இறக்குவது எளிதானால் மனிதன் அப்படியே இறக்குகிறான். வேகமாகச் செய்ய முடிந்தால் யோசிக்காமல் செய்கிறான். பேனாவின் பெருமை அது மெதுவாக ஓடுவதில் இருக்கிறது. பேச்சின் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. ஆகவே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த மெதுவைக்கூட நம் வகுப்பறைகள் வீணாக்கிவிடுகின்றன என்பதுதான் வருத்தம். நான் படித்தபோது ஓர் ஆசிரியர் மஞ்சளேறிய நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு "எழுதிக்கோ" என்பார். கமா, ஃபுல்ஸ்டாப் உட்படச் சொல்வார். வேகத்தையும் எங்கள் கைக்குத் தகுந்தபடி குறைத்துக்கொள்வார். எனவே எதையும் விட வேண்டிய அவசியமே எங்களுக்கு இல்லை. கை வலித்தது, மூளைக்கு முழு ஓய்வு. அந்த நோட்டில் முத்து முத்தான கையெழுத்து இருந்தது. அதில் இருந்த ஒரு வரிகூட இன்று நினைவில்லை. கையால் எழுதியதால் அது படிப்பாகிவிடவில்லை. வாட்ஸ்அப் பி.டி.எஃப்.க்கும் அந்த நோட்டுக்கும் வித்தியாசம் கை வலி மட்டும்தான்.

கீபோர்டின் பக்கமும் நியாயம் இருக்கிறது. மத்திய அரசின் கீழ்நிலை எழுத்தர் வேலைக்கு நிமிடத்துக்கு 35 ஆங்கிலச் சொற்கள் டைப் செய்து காட்ட வேண்டும். அரசு வேலையையே பெரிதும் நம்பியிருக்கும் தீவுகளில் இது சாதாரண விஷயமல்ல. கையால் எழுதுவதில் உண்மையான குறைபாடு உள்ள குழந்தைகளும் இருக்கிறார்கள். உரிய சான்றிதழ் இருந்தால் சி.பி.எஸ்.இ. தேர்விலேயே அவர்கள் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தலாம். அவர்களைப் பார்த்துப் பேனாவின் மகிமையைப் பேசுவது கொடுமை. காகிதமும் சாசுவதமல்ல. 2004 டிசம்பர் 26 அன்று கார் நிகோபாரில் கடல் கிராமங்களையே வாரிக்கொண்டு போனது. எத்தனை பள்ளிப் பைகள் அதோடு போயிருக்கும்! டைப் செய்து வேறோர் இடத்திலும் சேமித்த குறிப்புக்கு அந்த ஆபத்து குறைவு.

ஆனால் தமிழில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை தேவை. அந்தமானில் தமிழ் வழிப் பள்ளிகள் உண்டு. செல்போனில் தமிழ் எழுதும் பலர் ஆங்கில எழுத்தைத் தட்டுகிறார்கள். போன் நான்கைந்து சொற்களை நீட்டுகிறது, ஒன்றைத் தொடுகிறார்கள். 'பள்ளி'யா 'பல்லி'யா என்று முடிவெடுப்பது போன். தேர்வுக் கூடத்தில் போன் இருக்காது. பொதுத்தேர்வு இன்னும் மூன்று மணி நேரம் கையால்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஆண்டு முழுவதும் விரலால் தள்ளிப் படித்த பிள்ளை அன்று ஒன்றரை மணி நேரத்திலேயே கை ஓய்ந்து உட்கார்ந்துவிடும்.

செய்ய வேண்டியது பெரிய திட்டமல்ல. ஆசிரியர்கள் நோட்ஸ் சொல்வதை நிறுத்தலாம். பாடம் நடத்திய பிறகு, புத்தகத்தையும் போனையும் மூடச் சொல்லி, பத்து நிமிடம் கொடுக்கலாம். கேட்டதில் முக்கியமானதை ஒரே பக்கத்தில், சொந்த வார்த்தையில் எழுதட்டும். பேனாவில் எழுதினாலும் சரி, டைப் செய்தாலும் சரி. ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்பது மட்டும் விதி. முதல் வாரம் பக்கங்கள் காலியாகத்தான் இருக்கும். அந்தக் காலியிடம்தான் எது புரியவில்லை என்பதை ஆசிரியருக்குச் சொல்லும். பி.டி.எஃப். அதற்குப் பிறகு வரட்டும். விட்டுப்போனதைச் சரிபார்க்க அது நல்ல துணை.

செல்லுலர் ஜெயில் சுவரில் முள்ளால் எழுதியதெல்லாம் சுண்ணாம்புக்கு அடியில் போய்விட்டது. எழுதியவருக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. வெள்ளையடிக்க ஆள் வரும் முன்பே அது தலைக்குள் குடியேறியிருந்தது. நம் பிள்ளைகளின் போனை ஒரு நாள் வாங்கி வைத்துக்கொண்டு, "இதில் இருப்பதில் உனக்கு எவ்வளவு தெரியும்?" என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்கும் முன், அதே கேள்வியை நம் போனை வைத்து நம்மிடமும் கேட்டுக்கொள்வது நல்லது.