ஒலுவில் கடலும் கிட்டின் குளோபல் மாறியும்

ஒலுவில் துறைமுகத்தை 2013இல் திறந்தாங்க. கல் போட்டது ஒரு இடத்தில, கரையைக் கடல் தின்றது இன்னொரு இடத்தில. துறைமுக வாயை மணல் மூடியது. வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரை அரிபட்டுத் தென்னைகள் சாய்ந்தன. கரையோரம் மணலைக் கொண்டுபோகிற நீரோட்டம் எல்லா ஊருக்கும் பொது. அதில் கை வைத்தால் யாருக்கு அடி விழும் என்பது, கை வைக்கிற இடத்தில நின்று பார்த்தால் தெரியாது.

புரோகிராமிங்கில் இதுக்குப் பெயர் குளோபல் ஸ்டேட். நாம அன்றாடம் பாவிக்கிற கிட்டுக்குள்ளயும் அது இருக்கு.

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினபோது அது ஒரு குறையே இல்லை. ஒரு கட்டளை ஓடும், ஒரு ரெப்போவில் வேலையை முடிக்கும், அதோட சரி. 'இப்ப எந்த ரெப்போ?' என்பதைப் பொது மாறிகளில் வைத்தால் போதும். மறுகா சப்மொடியூல் வந்தது. ஒரே புரொசஸுக்குள்ள இரண்டாவது ரெப்போவைத் திறந்தால், பங்ஷன் பழைய ரெப்போவையே பார்த்துக்கொண்டு நிற்கும். இன்னொரு புரொசஸைக் கிளப்பித்தான் பல இடங்களில் சமாளிச்சாங்க.

2017இல் ரெப்போ விபரங்களை ஒரு ஸ்ட்ரக்டுக்குள் கட்டத் தொடங்கினாங்க. ஆனா 'த_ரெப்பாசிட்டரி' என்ற குளோபல் மிஞ்சியது. 2024இல் வந்த உத்தி எனக்கு நல்லாப் பிடிச்சது: அந்த மாறியைப் பாவிக்கிற சி கோப்பு ஒவ்வொன்றும் தன் தலையில் ஒரு மேக்ரோவை எழுதி, 'நான் பாவிக்கிறேன்' என்று ஒத்துக்கொள்ளணும். இல்லையென்டா கம்பைல் ஆகாது. பங்ஷன்களுக்கு ரெப்போவை ஆர்கியுமென்டாகக் கொடுத்து முடித்த பிறகு அந்த வரியை அழிக்கலாம். 2025 கூகுள் சம்மர் ஒஃப் கோடில் இதுவே ஒரு மாணவர் திட்டம்.

ஓடுற கோடைத் தொடாதே என்பாங்க. பாதி நியாயம்தான், ஒரு பங்ஷனை மாற்றினால் அதை அழைக்கிற இடமெல்லாம் மாறணும். ஆனா நம்ம கெம்பஸ் பிள்ளைகள் வருசா வருசம் அதே நூலக ஆப்பைப் புதிசாக் கட்டுறதை விட, இப்படி ஒரு கோப்பைத் துப்புரவாக்கினால் படிக்கிறது அதிகம் என்பது என் கருத்து. கிட்டின் மூலக்கோடை இறக்கி அந்த மேக்ரோவை கிரெப் பண்ணிப் பாருங்க. இன்னும் எத்தனை கோப்பு ஒத்துக்கொண்டு நிற்குது என்று தெரியும்.