ஆறு சதுரமும் எட்டு முக்கோணமும்

தீபாவளி என்றதும் தமிழர்களாகிய நமக்கு முதலில் நினைவு வருவது எண்ணெய் ஸ்நானம், அடுத்தபடி பட்சணம். விளக்கு வரிசையைக் கார்த்திகைக்கு ஒத்திப் போட்டுவிடுவது நம் ஊர் வழக்கம். மகாராஷ்டிரத்திலோ விஷயமே வேறு. அங்கே தீபாவளி வந்துவிட்டதென்பதை வாசலில் உயரத் தொங்கும் காகித விளக்குத்தான் ஊருக்கு அறிவிக்கும். ‘ஆகாச கந்தீல்’ என்று அதற்குப் பெயர். மும்பையில் மாஹிம் பகுதியிலுள்ள ஒரு சந்தில் இந்த விளக்குகள் ஏராளமாக விற்பதால், அந்தச் சந்துக்கே ‘கந்தீல் கல்லி’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

மாதுங்காவில் குடியிருந்த காலத்தில், அந்தச் சந்துக்குப் போவதற்காக நாம் ஒருநாள் மாலை பையும் கையுமாகப் புறப்பட்டோம். அடுத்த வீட்டு மராத்திப் பையன் மாடிப்படியிலேயே நம்மை மறித்துக்கொண்டான்.

“காகா, காசு கொடுத்து வாங்கினால் அது கடைக்காரருடைய கந்தீல்தானே? உங்களுடையது எப்படி ஆகும்?” என்று கேட்டான்.

தக்க பதில் நம்மிடம் இல்லாமற் போகவே, பையை வைத்துவிட்டு அவன் வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தோம். அங்கே அவனுடைய ‘ஆஜி’, அதாவது பாட்டியம்மாள், பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார். கை நடுக்கத்தால் அவரால் முடிச்சுப் போட இயலவில்லை. கண் மாத்திரம் கூர்மை குன்றவில்லை.

பாடம் இதுதான். ஒரு சாண் நீளத்தில் மெல்லிய மூங்கில் குச்சிகள் 24 வேண்டும். நான்கு நான்காகக் கட்டினால் ஆறு சதுரங்கள். அவற்றில் நான்கை மூலைமேல் நிறுத்திப் பக்கத்து மூலைகளை ஒன்றோடொன்று பிணைக்கவேண்டும். ஐந்தாவது மேலே, ஆறாவது கீழே. அவற்றின் மூலைகளை, நிற்கும் சதுரங்களின் நுனிகளோடு கட்டவேண்டும். கூட்டுவதற்கு மொத்தம் 12 முடிச்சுகள். கட்டி முடித்துப் பார்த்தால், நாம் செய்யாத எட்டு முக்கோணங்கள் இடையிடையே தாமாகவே அமைந்திருக்கும்! கணித ஆசிரியர்கள் பல வருஷம் முயன்றும் நமக்குப் புகட்ட முடியாத க்ஷேத்திர கணிதம் அன்று அரை மணி நேரத்தில் புகுந்தது.

ஆனால் நம்முடைய கூடு ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நின்றது. ஆஜி தொடாமலே, “அந்த மூன்றாவது குச்சி ஒரு நெல் நீளம் அதிகம், அவிழ்த்துக் கட்டுங்கள்” என்றார். அளந்து பார்த்தோம், அப்படியே இருந்தது. சதுரம் சரியா என்று அறிய, எதிர் மூலைகளுக்கிடையே நூல் பிடித்து, இரண்டு அளவும் ஒன்றா என்று பார்க்கவும் அவரே சொல்லிக்கொடுத்தார்.

பிறகு மைதா மாவைக் கட்டி தட்டாமல் பசையாகக் காய்ச்சி, காற்றாடிக் காகிதத்தைச் சதுரங்களுக்கு ஒரு நிறமும் முக்கோணங்களுக்கு வேறொரு நிறமுமாய் ஒட்டினோம். உஷ்ணம் வெளியேற மேல் சதுரத்தையும், விளக்கு வைக்கக் கீழ்ச் சதுரத்தையும் மூடாமல் விட்டோம். கீழ் மூலைகளில் காகித வால்கள் தொங்கின.

“எங்கள் காலத்தில் உள்ளே அகல் வைப்போம். ஒரு காற்று அடித்தால் எல்லாம் சாம்பல். அழுவதற்கு நேரமேது? மறுநாள் வேறொன்று கட்டுவோம்” என்றார் ஆஜி. இப்போது சூடேறாத சிறிய எல்.ஈ.டி. பல்பு இருப்பதால் அந்தப் பயமில்லை.

1934-ல் வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் பிறந்தபோது, அழிந்துகொண்டிருந்த கைக்காகிதத் தொழிலையும் அது கைதூக்கிவிட முயன்றது. கைக்கு வேலை போனால் அறிவுக்கும் ஒரு கதவு அடைபடும் என்பதை அன்றைய பெரியோர் உணர்ந்திருந்தனர். 2018-ல் மகாராஷ்டிர அரசாங்கம் பிளாஸ்டிக் பைகளையும் தெர்மாகோல் அலங்காரப் பொருள்களையும் தடை செய்தது. நல்ல காரியமே. ஆனால் வேண்டாததைத் தடுக்கத்தான் சட்டத்தால் முடியும். குச்சியின் நெல் நீளத்தைக் கண்ணால் அளக்கும் வித்தையைப் பேரனுக்குக் கொடுக்க ஓர் ஆஜிதான் வேண்டும். அவர் இருக்கும்போதே பேரன் அருகில் உட்காராவிட்டால், அந்த வித்தையை எந்தக் கல்லியிலும் விலைக்கு வாங்க முடியாது.

தனத்திரயோதசி மாலை இரண்டு விளக்குகளும் வாசலில் ஏறின. பையனுடையது நேராக நின்றது. நம்முடையது அவிழ்த்துக் கட்டியும் சற்றே சாய்ந்திருந்தது.

“பரவாயில்லை காகா, போவோர் வருவோருக்கு அது நமஸ்காரம் செய்கிறது” என்றான் பையன்.

துளசி கல்யாணம் முடிந்ததும் வெளுத்த காகிதத்தைக் கிழித்துவிட்டு, மூங்கில் கூட்டை மாத்திரம் பரணில் வைக்கச் சொன்னார் ஆஜி. அடுத்த வருஷத்துக்குக் காகிதம் மட்டும் வாங்கினால் போதுமாம். மூன்றாவது குச்சியை மட்டும் இன்னும் கொஞ்சம் நறுக்கிக்கொள்ளவேண்டும்.